வீட்டுக்கு ஒரு பிரிண்டர், வீட்டுக்கு ஒரு கோப்புப் பெட்டகம்

கணினிகளைக் கம்பியால் இணைக்கும் ஈதர்நெட் முறை பிறந்ததற்குப் பின்னால் ஒரு பிரிண்டர் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோ நகரில் ஜெராக்ஸ் நிறுவனம் நடத்திய ஆய்வகத்தில், 1970களின் தொடக்கத்தில் ஆல்ட்டோ என்ற தனிநபர் கணினி உருவாகிக்கொண்டிருந்தது. அதே ஆய்வகத்தில் கேரி ஸ்டார்க்வெதர் லேசர் பிரிண்டரைச் செய்துகொண்டிருந்தார். விநாடிக்கு ஒரு பக்கம் அச்சிடும் அந்த இயந்திரத்தை ஆளுக்கொன்றாக மேசையில் வைக்க முடியாது. ஒன்றுதான் இருக்கும், எல்லா ஆல்ட்டோக்களும் அதற்கே பக்கங்களை அனுப்ப வேண்டும். அதற்கேற்ற இணைப்பு முறையை 1973இல் ராபர்ட் மெட்காஃபும் அடுத்து அவருடன் சேர்ந்த டேவிட் பாக்ஸும் வடிவமைத்தார்கள். முதல் ஈதர்நெட்டின் வேகம் விநாடிக்கு 2.94 மெகாபிட். விலையுயர்ந்த ஒரு கருவியைப் பலர் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்த தேவை அதன் பெரிய உந்துதல்களில் ஒன்று.

1985இல் ஆப்பிள் நிறுவனம் லேசர்ரைட்டர் பிரிண்டரை 6,995 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தபோதும் இதே கணக்குத்தான். ஒருவருக்குக் கட்டுப்படியாகாத விலை. ஆனால் பல மேக் கணினிகள் ஒரே கம்பி வழியாக அதைப் பயன்படுத்தலாம் என்பதால் அலுவலகங்கள் வாங்கின. இன்றைய வீட்டுப் பிரிண்டர் அந்த விலையில் இல்லை. இருந்தாலும், இரண்டு லேப்டாப்பும் நான்கு போனும் உள்ள வீட்டில் பிரிண்டர் மட்டும் ஏதோ ஒரு கணினியோடு யுஎஸ்பி வயரால் கட்டுண்டு கிடப்பது இன்னும் வழக்கமாகவே இருக்கிறது. கோப்புகளின் நிலையும் வேறில்லை. குடும்பப் படங்கள் அம்மாவின் போனில், சான்றிதழ் நகல்கள் பிள்ளையின் லேப்டாப்பில், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் எங்கோ ஒரு பென் டிரைவில். வீட்டுக்கே பொதுவான பொருள் ஒருவருடைய கணினியை நம்பி இருக்கக் கூடாது. வீட்டு வலையமைப்பை ஒழுங்காக அமைப்பதன் நியாயம் முழுவதும் இதில் அடங்கும்.

வலையமைப்பைப் புதிதாக வாங்க வேண்டியதில்லை. ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டில் அது ஏற்கெனவே இருக்கிறது. சுவரில் மாட்டியிருக்கும் ரவுட்டர் பெட்டி நான்கு வேலைகளைச் சேர்த்துச் செய்கிறது: வெளியே இணையத்தோடு தொடர்பு வைத்திருக்கிறது, உள்ளே வைஃபை அலை பரப்புகிறது, பின்புறத் துளைகளில் செருகிய கம்பிகளை ஒன்றோடொன்று இணைக்கிறது, வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி வழங்குகிறது. இவற்றில் முதல் வேலைக்கு மட்டுமே இணையம் தேவை. தெருவில் பள்ளம் தோண்டி ஃபைபர் அறுந்தாலும், வீட்டுக்குள் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பு போகும், பிரிண்டர் அச்சிடும். வைஃபையும் இணையமும் ஒன்றே என்று பலர் எண்ணுவதால்தான், நெட் இல்லாத நாளில் பிரிண்டரையும் அணைத்துவிடுகிறார்கள்.

வீட்டுக்குள் வழங்கப்படும் முகவரி பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். 192.168, 10 என்று தொடங்குபவையும் 172.16 முதல் 172.31 வரையானவையும் உள்வலையமைப்புகளுக்காகவே ஒதுக்கப்பட்டவை; 1996ஆம் ஆண்டின் ஒரு தர ஆவணம் இதை வரையறுத்தது. உலகில் கோடிக்கணக்கான வீடுகளில் அதே 192.168.1.5 இருக்கலாம், இணையத்தில் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை என்பதால் குழப்பம் வராது. ரவுட்டர் இந்த முகவரியை நிரந்தரமாகக் கொடுப்பதில்லை. வாடகை வீடு போல ஒரு தவணைக்குத்தான் கொடுக்கிறது. தவணை முடிந்தோ மின்சாரம் போய் வந்தோ கருவி மறுபடி கேட்கும்போது வேறு எண் கிடைக்கக்கூடும். போனுக்கு இதனால் ஒன்றும் ஆவதில்லை. பிரிண்டருக்கு ஆகும். நேற்று 192.168.1.5 என்று குறித்துவைத்திருந்த கணினி இன்றும் அந்த எண்ணுக்கே பக்கத்தை அனுப்பும். அங்கே வேறு கருவி உட்கார்ந்திருக்கும். திரையில் 'ஆஃப்லைன்' என்று வரும். பிரிண்டர் பழுது என்று எடுத்துச்செல்லப்படும் பல பெட்டிகளில் உண்மையான கோளாறு இந்த முகவரி மாற்றம்தான். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், இன்ன பிரிண்டருக்கு எப்போதும் இன்ன எண் என்று ஒதுக்கிவைக்கும் வசதி உண்டு. பிரிண்டருக்கும், கோப்புகளைச் சேமிக்கும் பெட்டிக்கும் ஆரம்பத்திலேயே இப்படி எண்ணை ஒதுக்கிவிட்டால் பாதித் தொல்லை நின்றுவிடும்.

பிரிண்டரைப் பொதுவாக்கப் பழைய வழி ஒன்று உண்டு. ஒரு விண்டோஸ் கணினியில் யுஎஸ்பி வயரால் அதை இணைத்து, அந்தக் கணினியின் அமைப்பில் 'பகிர்' என்று குறிப்பது. மற்றக் கணினிகள் அந்தக் கணினியின் பெயர் வழியாகப் பிரிண்டரை அடையும். செலவில்லாத வழிதான். ஆனால் அந்தக் கணினி அணைந்திருந்தால் பிரிண்டரும் அணைந்ததற்குச் சமம். வீடுகளுக்காகவே மைக்ரோசாஃப்ட் 2009இல் விண்டோஸ் 7-இல் தந்த ஹோம்குரூப் பகிர்வு வசதியை 2018இல் விண்டோஸ் 10-இலிருந்து எடுத்துவிட்டது. 2021இல் விண்டோஸின் அச்சுச் சேவையில் 'பிரிண்ட்நைட்மேர்' என்று பெயர்பெற்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபின், பகிர்ந்த பிரிண்டருக்கான டிரைவர் மென்பொருளை நிறுவ நிர்வாகி உரிமை வேண்டும் என்று விதி கடுமையானது. நேற்றுவரை வேலை செய்த பகிர்வு பல இடங்களில் திடீரென்று நின்றதற்கு அது ஒரு காரணம். புதிதாக அமைப்பவர்கள் இந்த வழியைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை.

சில ரவுட்டர்களின் முதுகில் யுஎஸ்பி துளை இருக்கும். அதில் பிரிண்டரைச் செருகலாம் என்றும் கையேடு சொல்லும். அச்சு வரும். ஆனால் ஸ்கேன் செய்வதும் மை எவ்வளவு மீதம் என்று பார்ப்பதும் பெரும்பாலும் இந்த வழியில் கிடைக்காது. ரவுட்டரின் சிறிய மென்பொருள் எல்லா மாடல்களோடும் ஒத்துப்போவதும் இல்லை.

நல்ல வழி, பிரிண்டரே வலையமைப்பில் தனிக் கருவியாக இருப்பது. வைஃபையோ ஈதர்நெட் துளையோ உள்ள பிரிண்டர் தனக்கென ஒரு முகவரி வாங்கிக்கொள்கிறது. யாருடைய கணினி அணைந்திருந்தாலும் அதற்குக் கவலையில்லை. ரவுட்டருக்கு அருகிலேயே பிரிண்டர் இருக்குமானால் வைஃபையைவிடக் கம்பியே மேல். அச்சுக்கு வேகம் பெரிதாகத் தேவையில்லை. ஆனால் கம்பி இணைப்பு தூங்கிப்போவதில்லை, கடவுச்சொல் மாறினால் துண்டிக்கப்படுவதும் இல்லை.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய யுஎஸ்பி பிரிண்டரைத் தூக்கிப்போட மனம் வராதவர்களுக்கும் வழி இருக்கிறது. ராஸ்பெர்ரி பை போன்ற கையகலக் கணினி ஒன்றில் லினக்ஸும் கப்ஸ் என்ற அச்சு மென்பொருளும் நிறுவி, பிரிண்டரை அதோடு இணைத்துவிட்டால் அது வலையமைப்புப் பிரிண்டராகிவிடும். மைக்கேல் ஸ்வீட் 1990களின் இறுதியில் எழுதிய கப்ஸை 2002இல் ஆப்பிள் தன் மேக் கணினிகளில் எடுத்துக்கொண்டது. லினக்ஸ் கணினிகளில் பெரும்பாலானவையும் அதைக்கொண்டே அச்சிடுகின்றன. அந்தச் சிறு கணினியை வாங்குமுன் பிரிண்டர் மாடலுக்கு லினக்ஸ் ஆதரவு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அச்சு பொத்தானை அழுத்தியதும் நடப்பதைத் தெரிந்துகொண்டால் கோளாறுகளைப் பிரித்தறிவது எளிது. கணினி முதலில் பக்கத்தை ஒரு வரிசையில் சேர்க்கிறது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பினாலும் பக்கங்கள் கலந்துவிடாமல் ஒன்று முடிந்து ஒன்றாக வருவது இந்த வரிசையால்தான். பிறகு அந்தப் பக்கம் பிரிண்டருக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றப்படுகிறது. போஸ்ட்ஸ்கிரிப்ட், பிசிஎல் போன்ற மொழிகள் தெரிந்த பிரிண்டர்கள் குறிப்பைப் படித்துத் தாமே பக்கத்தை வரைந்துகொள்ளும். மலிவான பல பிரிண்டர்களுக்கு அந்த அறிவு இல்லை. கணினியே ஒவ்வொரு புள்ளியையும் கணக்கிட்டு அனுப்ப வேண்டும். அதற்கான தனி மென்பொருள்தான் டிரைவர். நிறுவனம் டிரைவரைப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டால், இயந்திரம் நல்ல நிலையில் இருந்தும் அடுத்த விண்டோஸில் ஓடாமல் போகிறது.

மென்பொருள் உலகின் வரலாற்றையே திருப்பிய ஒரு மனக்குறையும் இப்படிப்பட்ட இடத்தில்தான் தோன்றியது. அமெரிக்காவின் எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் பலர் பகிர்ந்துகொண்ட பிரிண்டர் வேறு மாடியில் இருந்தது. காகிதம் சிக்கினால் வலையமைப்பு வழியாகக் காத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும்படி முந்தைய பிரிண்டரின் நிரலை ரிச்சர்ட் ஸ்டால்மன் திருத்திவைத்திருந்தார். 1980 வாக்கில் வந்த புதிய லேசர் பிரிண்டருக்கு மூல நிரல் தர மறுக்கப்பட்டது. அதே வசதியைச் சேர்க்க முடியவில்லை. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தை 1983இல் அவர் தொடங்கியதற்கான காரணங்களில் இதையும் சொல்வார். இன்று கோப்புச் சேமிப்புப் பெட்டிகளுக்கும் ரவுட்டர்களுக்கும் உள்ளே ஓடும் லினக்ஸ் முதலிய நிரல்கள் அந்த இயக்கம் உண்டாக்கிய உரிமத்தின் கீழ்தான் வெளிவருகின்றன.

டிரைவர் தொல்லைக்கு இப்போது நல்ல தீர்வு வந்திருக்கிறது. ஐபிபி என்ற பொது அச்சு நெறிமுறை 1999இல் வெளியாயிற்று. பிரிண்டர் தன்னால் என்னென்ன இயலும், வண்ணம் உண்டா, இருபுறமும் அச்சிடுமா, எந்தக் காகித அளவு இருக்கிறது என்பதைத் தானே சொல்லும். கணினி அதற்கேற்ப அனுப்பும். இதன் மேல் கட்டியதுதான் ஆப்பிள் 2010இல் கொண்டுவந்த ஏர்பிரிண்ட். கேனான், எச்பி, சாம்சங், ஜெராக்ஸ் ஆகியவை 2013இல் அமைத்த மோப்ரியா கூட்டமைப்பு ஆண்ட்ராய்டு போன்களுக்கு அதே வசதியைத் தந்தது. இனிமேல் பிரிண்டர் நிறுவனங்களின் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாக வழங்குவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023இல் அறிவித்தது. ஆகவே பிரிண்டர் வாங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை பக்கம் என்பதைவிட, பெட்டியின் மேல் ஏர்பிரிண்ட், மோப்ரியா என்ற இரண்டு குறிகள் உள்ளனவா என்று பார்ப்பதே முக்கியம். அவை இருந்தால் போனும் மேக்கும் லினக்ஸும் விண்டோஸும் தனி மென்பொருள் எதுவும் இல்லாமலே அச்சிடும். நிறுவனம் கைவிட்ட பிறகும் அந்தப் பிரிண்டருக்கு வாழ்வு இருக்கும்.

புதிய பிரிண்டரை வைஃபையில் சேர்க்கும்போது வரும் முதல் தடங்கல் அலைவரிசை. வீட்டுப் பிரிண்டர்கள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே பிடிபடும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயர் பிரிண்டரின் பட்டியலில் வரவே வராது. 2.4-இல் பிரிண்டரைச் சேர்த்துவிட்டு, போனை 5-இலேயே வைத்திருக்கலாம். ஒரே ரவுட்டர் என்றால் இரண்டும் பேசிக்கொள்ளும்.

இரண்டாவது தடங்கல் நம் ஊர் வீடுகளில் அதிகம். ஃபைபர் நிறுவனம் தந்த பெட்டியில் ஒரு வைஃபை, அலை எட்டவில்லை என்று உள்ளறையில் தனியே வாங்கிவைத்த ரவுட்டரில் இன்னொரு வைஃபை. இரண்டிலும் இணையம் வருவதால் ஒரே வலையமைப்பு என்று தோன்றும். உண்மையில், இரண்டாவது ரவுட்டர் தனக்குள் வேறொரு வலையமைப்பை உருவாக்கி வாசலை மூடிவைத்திருக்கிறது. கூடத்தில் உள்ள பிரிண்டரை உள்ளறை லேப்டாப் காணாது. உள்ளறை ரவுட்டரை 'அக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும். விருந்தினருக்கான தனி வைஃபையும் இப்படித்தான் பிரிக்கப்பட்டது. அதில் இருப்பவருக்குப் பிரிண்டர் தெரியாது. அந்தப் பிரிவு வேண்டுமென்றே செய்தது, அதைக் கலைக்க வேண்டாம்.

தமிழில் எழுதுபவர்களுக்கு வலையமைப்பு அச்சில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கோப்பில் உண்மையில் தமிழ் எழுத்துகள் இல்லை. ஆங்கில எழுத்துகளின் எண்களே இருக்கின்றன. எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் உருவைப் போர்த்துகிறது. அந்த எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் திறந்து அச்சிட்டால் தாளில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் கொட்டும். ஒரே கணினியில் எழுதி அங்கேயே அச்சிட்ட காலத்தில் இது வெளியே தெரியவில்லை. கோப்பைப் பொது இடத்தில் வைத்ததும் தெரிகிறது. பழைய கோப்புகளை எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப் ஆக மாற்றிவைப்பது உடனடித் தீர்வு. யூனிகோடுக்கு மாற்றுவது நிலையான தீர்வு. தேடினால் கிடைப்பதும் அப்போதுதான். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடையும் டேஸ் 16 குறியீட்டையும் தரமாக ஏற்றது. குடும்ப வரலாறு, சங்கக் கணக்கு, கோயில் அழைப்பிதழ் என்று பழைய எழுத்துருக்களில் கிடப்பவை ஏராளம். அவற்றை மாற்றும் வேலையைத் தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் அந்த எழுத்துரு கிடைப்பது அரிதாகிறது.

இனி கோப்புகள். அச்சு, தாள் வெளியே வந்ததும் முடிந்துவிடும் வேலை. கோப்பு பத்து, இருபது ஆண்டுகள் இருக்க வேண்டியது. ஆகவே இங்கே எச்சரிக்கை பல மடங்கு தேவை.

விண்டோஸ் உலகில் ஒரு கணினியின் ஃபோல்டரை இன்னொன்றில் திறக்க உதவும் நெறிமுறைக்கு எஸ்எம்பி என்று பெயர். ஐபிஎம் நிறுவனத்தில் பேரி ஃபைகன்பாம் 1983 வாக்கில் வடிவமைத்தது. மைக்ரோசாஃப்ட் எடுத்து வளர்த்தது. ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், அந்த நெறிமுறையைக் கூர்ந்து கவனித்து, யுனிக்ஸ் கணினிகளும் அதில் பேசும்படி 1990களின் தொடக்கத்தில் ஒரு நிரல் எழுதினார். அதுதான் சம்பா. இன்று கடையில் கிடைக்கும் கோப்புச் சேமிப்புப் பெட்டிகள் பெரும்பாலும் உள்ளே சம்பாவைக் கொண்டவை. ஐபோனின் கோப்புச் செயலியும் 2019 முதல் எஸ்எம்பி பேசுகிறது. ஆண்ட்ராய்டுக்கு விஎல்சி போன்ற செயலிகள் உதவுகின்றன.

ஒரு லேப்டாப்பின் ஃபோல்டரைப் பகிர்வது மிக எளிது. வலது சொடுக்கில் முடிந்துவிடும். முதல்முறை செய்பவர்கள் இரண்டு இடங்களில் மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டு வைஃபையை விண்டோஸ் 'பொது' என்று வகைப்படுத்தியிருந்தால் பகிர்வு மூடியே இருக்கும்; அதைத் 'தனிப்பட்டது' என்று மாற்ற வேண்டும். பேருந்து நிலையத்திலும் தேநீர்க் கடையிலும் இதே கணினி திறந்து கிடக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த வகைப்பாடு. மற்றொன்று கடவுச்சொல். கணினியைத் திறக்க நாள்தோறும் நான்கு இலக்கப் பின் எண்ணை அழுத்திப் பழகியவர், வலையமைப்பில் கேட்கும்போதும் அதையே கொடுப்பார். அந்த எண் அந்த ஒரு கணினிக்கு மட்டுமே உரியது. வலையமைப்பில் கணக்கின் உண்மையான கடவுச்சொல்தான் செல்லும். கடவுச்சொல்லே இல்லாமல் யாரும் நுழையும்படி விட்டுவிடும் பழைய பழக்கம் இப்போது பலிக்காது. 2024இல் வந்த விண்டோஸ் 11 பதிப்பின் புரோ வகையில் அத்தகைய விருந்தினர் நுழைவு இயல்பாகவே மூடப்பட்டிருக்கிறது. பெயரும் கடவுச்சொல்லும் உள்ள கணக்கை உருவாக்கிக்கொள்வதே முறை.

இருந்தாலும் லேப்டாப்பில் இருக்கும் பகிர்வு, லேப்டாப் வெளியூர் போனால் கூடவே போய்விடும். எப்போதும் வீட்டிலேயே, எப்போதும் விழித்திருக்கும் பெட்டி ஒன்று வேண்டும். சிறிய தொடக்கமாக, ரவுட்டரின் யுஎஸ்பி துளையில் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கைச் செருகலாம். ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த டிஸ்கில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை எழுத முடியாது; நீண்ட கல்யாண வீடியோ பாதியில் நின்றால் காரணம் இதுவாக இருக்கலாம். ரவுட்டரின் செயலி சிறியது என்பதால் வேகமும் குறைவு.

இதற்கென்றே செய்த பெட்டிதான் நாஸ். தைவானின் சினாலஜி, க்யூநாப் நிறுவனங்கள் இதில் பெயர் பெற்றவை. திரையும் விசைப்பலகையும் இல்லாத சிறு கணினி அது. உள்ளே இரண்டோ நான்கோ ஹார்டு டிஸ்குகள். அமைப்பது, பார்ப்பது எல்லாம் இன்னொரு கணினியின் உலாவி வழியாக. வீட்டுக்கு இரண்டு டிஸ்க் உள்ளதே போதுமானது. இரண்டிலும் ஒரே தகவலை எழுதும்படி வைத்தால் 4 டிபி டிஸ்குகள் இரண்டு போட்டாலும் 4 டிபிதான் கிடைக்கும். ஆனால் ஒன்று பழுதானால் மற்றொன்று வேலையைத் தொடரும். இந்த ஏற்பாட்டின் பொதுப் பெயர் ரெய்டு. பெர்க்லியின் டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் மூவரும் 1988இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதற்கு இலக்கணம் வகுத்தது.

பழைய கணினியையே நாஸ் ஆக்கிக்கொள்வதும் நடக்கும். ஓபன்மீடியாவால்ட் போன்ற இலவச மென்பொருளை நிறுவினால் போதும். கணக்குப் பார்க்க வேண்டியது மின்சாரத்தை. இருபது வாட் எடுக்கும் பெட்டி இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 29 யூனிட். அறுபது வாட் எடுக்கும் பழைய டெஸ்க்டாப் அதே காலத்தில் 86 யூனிட்டைத் தாண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுத்து, யூனிட் ஏற ஏற விலையும் ஏறும் தமிழ்நாட்டுக் கட்டண முறையில் இந்த வித்தியாசம் சில ஆண்டுகளில் கணிசமான தொகையாகிவிடும்.

நாஸை ரவுட்டரோடு கம்பியால்தான் இணைக்க வேண்டும். நூறு மெகாபிட் இணைப்பில் விநாடிக்குச் சுமார் 11 எம்பி போகும். 4 ஜிபி கோப்புக்கு ஆறு நிமிடம். கிகாபிட் இணைப்பில் விநாடிக்கு 110 எம்பி வரை எட்டும்; அதே கோப்புக்கு நாற்பது விநாடிக்குள். வயர் 'கேட் 5இ' வகையாக இருந்தால் 100 மீட்டர் வரை கிகாபிட் தாங்கும். ரவுட்டரின் துளை நூறு மெகாபிட்டா கிகாபிட்டா என்பதை வாங்குமுன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். விலை குறைந்த பெட்டிகளில் இந்த இடத்தில்தான் சிக்கனம் பிடிக்கிறார்கள்.

மின்வெட்டு நாஸுக்குப் பெரிய பகை. டிஸ்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு மட்டுமல்ல, கோப்புகளின் அட்டவணையே சிதையலாம். சிறு யுபிஎஸ் ஒன்றை வைத்து, அதிலிருந்து யுஎஸ்பி வயரையும் நாஸில் செருகினால், மின்சாரம் போன செய்தி அதற்குப் போகும். பேட்டரி தீருமுன் தானே ஒழுங்காக அணைந்துகொள்ளும். வீட்டு இன்வெர்ட்டர் இருப்பவர்களும் இதைச் செய்வது நல்லது. இன்வெர்ட்டருக்கு மாறும் அந்தக் கண நேர இடைவெளியில் விசிறி நிற்காது, கணினி அணைந்துவிடலாம்.

உள்ளே ஃபோல்டர்களை எப்படிப் பிரிப்பது என்பது குடும்பத்தைப் பொறுத்தது. ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, தனி ஃபோல்டர். எல்லாருக்கும் பொதுவாக ஒன்று. படிக்க மட்டும் முடிந்து அழிக்க முடியாதபடி ஆவணங்களுக்கு ஒன்று. இந்த மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். குழந்தை தவறி அழித்துவிடாமல் சான்றிதழ்களையும் பழைய படங்களையும் காப்பது அதுதான். படங்களின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்ணால் தொடங்கினால் எந்தக் கருவியில் திறந்தாலும் கால வரிசைப்படியே நிற்கும்.

பிரிண்டரின் ஸ்கேனரும் இங்கே வந்து சேர்கிறது. ஸ்கேன் செய்ததை நேராக நாஸின் ஒரு ஃபோல்டருக்கு அனுப்பும் வசதி பல பிரிண்டர்களில் உண்டு. வயதானவர்கள் கணினியைத் தொடாமலே ரேஷன் அட்டையையோ மருத்துவச் சீட்டையோ கண்ணாடியில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் அது பெட்டகத்தில் சேர்ந்துவிடும். பழைய பிரிண்டர்கள் சில எஸ்எம்பியின் முதல் பதிப்பை மட்டுமே அறியும். அதற்காக அந்தப் பதிப்பைத் திறந்துவைக்கக் கூடாது. 2017 மே மாதம் உலகெங்கும் மருத்துவமனைகளையும் நிறுவனங்களையும் முடக்கிய வான்னாக்ரை நச்சுநிரல் அந்த முதல் பதிப்பின் ஓட்டை வழியாகவே கணினிக்குக் கணினி தாவியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது, போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

இரண்டு டிஸ்கிலும் நகல் இருக்கிறதே, அதுவே பேக்கப் ஆகாதா என்ற கேள்வி எழும். ஆகாது. ஒரு கோப்பை அழித்தால் அது இரண்டு டிஸ்கிலிருந்தும் அதே கணத்தில் அழியும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நச்சுநிரல் ஒரு லேப்டாப்பில் புகுந்தால், அந்த லேப்டாப் எழுதக்கூடிய பொது ஃபோல்டர்களையும் பூட்டிவிடும். இரண்டு டிஸ்கிலும் பூட்டிய கோப்புகளே இருக்கும். திருட்டு, தீ, வெள்ளம் என்றால் பெட்டியே போய்விடும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரப்பிய 3-2-1 விதி இன்றும் சரியானது: மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. நாஸில் ஒன்று, மாதம் ஒருமுறை நகலெடுத்துக் கழற்றி அலமாரியில் வைக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்கில் ஒன்று, உறவினர் வீட்டிலோ மேகச் சேமிப்பிலோ இன்னொன்று. கழற்றி வைப்பதுதான் இதில் உயிர்நாடி. செருகியே இருக்கும் டிஸ்கை நச்சுநிரல் விட்டுவைக்காது. எடுத்த நகலிலிருந்து அவ்வப்போது நாலைந்து கோப்புகளைத் திறந்தும் பார்க்க வேண்டும். திறக்காத நகலை நகல் என்று நம்ப முடியாது.

வீட்டுப் பெட்டகத்தை வெளியிலிருந்து எட்டும்படி ரவுட்டரில் வாசல் திறந்துவைப்பதில் பலருக்கு ஆசை. அதன் விளைவுக்குச் சான்றுகள் உண்டு. 2021 ஜூன் மாதம், இணையத்தில் நேராகத் தெரியும்படி இருந்த மை புக் லைவ் என்ற வெஸ்டர்ன் டிஜிட்டல் பெட்டிகளை யாரோ தொலைவிலிருந்து வெறுமையாக்கினார்கள். பல ஆண்டுக் குடும்பப் படங்கள் ஒரே இரவில் போயின. அந்த மாடலுக்குத் திருத்தங்கள் வருவது 2015இலேயே நின்றிருந்தது. 2018இன் இறுதியில் இணையத்துக்குத் திறந்துகிடந்த ஆயிரக்கணக்கான பிரிண்டர்களில் ஒருவர் தன் விருப்பப்படி ஒரு துண்டறிக்கையை அச்சிடவைத்தார். வெளியூரிலிருந்து கோப்பு வேண்டுமானால் வயர்கார்டு போன்ற விபிஎன் வழியாக முதலில் வீட்டு வலையமைப்புக்குள் நுழைந்து, பிறகு எடுப்பதே பாதுகாப்பு. கருவிகள் தாமாகவே ரவுட்டரில் வாசல் திறந்துகொள்ள விடும் யுபிஎன்பி வசதியையும் மூடிவைக்கலாம். ரவுட்டர், பிரிண்டர், நாஸ் மூன்றின் தொடக்கக் கடவுச்சொற்களையும் முதல் நாளே மாற்ற வேண்டும். மாற்றியதைக் குடும்பத்தில் இன்னொருவருக்கும் தெரியும்படி தாளில் எழுதி, பத்திரங்களோடு வைக்க வேண்டும். பெட்டகத்தை அமைத்தவர் இல்லாத நாளில் வீட்டார் அதைத் திறக்க வேண்டியிருக்கும்.

பழைய பெட்டிகளைக் கொடுக்கும்போதும் விற்கும்போதும் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி. பிரிண்டர் வைஃபை கடவுச்சொல்லையும், ஸ்கேன் அனுப்பும் ஃபோல்டரின் பெயர், கடவுச்சொல்லையும் நினைவில் வைத்திருக்கும். தொழிற்சாலை நிலைக்குத் திருப்பும் கட்டளையைக் கொடுத்த பிறகே கைமாற்ற வேண்டும். நாஸின் டிஸ்கில் கோப்புகளை அழிப்பதும் விரைவு ஃபார்மட்டும் போதாது. முழு டிஸ்கையும் மேலெழுதும் ஃபார்மட்டைச் செய்ய வேண்டும். 4 டிபி டிஸ்குக்கு அது பல மணி நேரம் பிடிக்கும். இயங்காத டிஸ்கை மேலெழுத முடியாது என்பதால், காயலான் கடைக்குப் போகுமுன் அதன் தட்டுகளில் துளையிட்டுவிடுவதே வழி.